சிங்கப்பூரில் சிறுகடை நடத்துவோருக்குச் சம்பளக் கணக்கும் ஊழியர் பதிவேடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துகளில் இருக்கும் சிறுகடைகளுக்கும் உணவகங்களுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். மளிகைக் கடை, பூக்கடை, தையற்கடை, இருபது நாற்காலி போட்ட சாப்பாட்டுக் கடை என்று கடைகள் வேறு வேறு. கேட்கப்படும் கேள்விகள் மட்டும் எங்கு போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு கடையிலும் தேநீர் குடித்துக்கொண்டே சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சில பதில்கள் நீளும். அந்த இடங்களில்தான் நம் ஆட்கள் அதிகமாகச் சிக்கிக்கொள்கிறார்கள்.

கடையில் மூன்று பேர்தான் வேலை செய்கிறார்கள். எங்களுக்கும் இந்த விதிகள் பொருந்துமா?

பொருந்தும். ஆள் குறைவு என்பதற்காக விலக்கு எதுவும் இல்லை. 1968-ஆம் ஆண்டின் வேலை நியமனச் சட்டம் ஒரே ஓர் ஊழியர் வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்தும். 2019 ஏப்ரல் முதல் மேலாளர்களும் நிர்வாகிகளும் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அதற்குள் வந்துவிட்டார்கள். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்யும் பகுதிநேர ஊழியருக்கும் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். தீபாவளிச் சந்தை நேரத்தில் ஒரு மாதம் மட்டும் வைத்துக்கொள்ளும் ஆளுக்கும் கொடுக்க வேண்டும்.

கப்பலோட்டிகள், இல்லப் பணிப்பெண்கள், அரசாங்க ஊழியர்கள், ஆணைபெற்ற கழக ஊழியர்கள் ஆகியோர் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். கடைக்காரருக்கு இந்த விலக்கால் பயன் எதுவும் இல்லை.

என் தம்பியும் மனைவியும்தான் கடையில் இருக்கிறார்கள். சொந்தக்காரர்களுக்குமா சீட்டு?

அவர்கள் பங்குதாரர்களா, சம்பளத்துக்கு வேலை செய்பவர்களா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மாதாமாதம் சம்பளம் வாங்கினால் தம்பியும் ஊழியர்தான். அவர் சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி என்றால் மத்திய சேம நிதியும் (ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பு) கட்ட வேண்டும். “வீட்டுக்குள் என்ன கணக்கு” என்று விட்ட குடும்பங்களில் பிறகு கடையைப் பிரிக்கும்போது எழும் சண்டையை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதற்குத் துண்டுச்சீட்டுகூட இருக்காது.

என்னென்ன எழுதிவைக்க வேண்டும்?

இரண்டு கட்டுகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று ஆளைப் பற்றியது. முகவரி, அடையாள அட்டை எண், பிறந்த தேதி, பாலினம், வேலையில் சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் அடையாள அட்டை எண்ணுக்குப் பதிலாக வேலை அனுமதி எண்ணும் அது முடியும் தேதியும் வேண்டும். தினமும் எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எப்போது முடிந்தது, நடுவில் இடைவேளை எவ்வளவு, எந்தெந்த நாளில் விடுப்பு, எந்தப் பொது விடுமுறை என்பதும் இந்தக் கட்டில்தான் சேரும்.

மற்றொன்று பணத்தைப் பற்றியது. கொடுத்த ஒவ்வொரு சம்பளச் சீட்டின் பிரதியையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாலே இந்தக் கட்டு தயாராகிவிடும்.

இவை தவிர, 14 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை செய்யவிருக்கும் ஒவ்வோர் ஊழியருக்கும் முக்கிய வேலை நியமன விதிமுறைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் அது அவர் கையில் இருக்க வேண்டும். வேலை என்ன, நேரம் என்ன, ஓய்வு நாள் எது, அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், மிகைநேர விகிதம், விடுப்பு, முன்னறிவிப்புக் காலம் எல்லாம் அதில் வரும். 2016 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். “வாயால் சொன்னேனே” என்றால் அது கணக்கில் சேராது.

சம்பளச் சீட்டில் எதையெல்லாம் போட வேண்டும்? ஒரு மாதிரி காட்டுங்களேன்.

ஓர் உணவகத்தின் சமையற்காரரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர். இந்திய உணவகங்கள் இப்படிச் சமையற்காரர்களைக் கொண்டுவர 2023 செப்டம்பரில்தான் வழி திறந்தது. நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. நம் ஆளின் அடிப்படைச் சம்பளம் 2,288 வெள்ளி. வாரத்தில் ஆறு நாள் வேலை. மாதம் 2025 அக்டோபர்.

மணி விகிதத்தைக் கண்டுபிடிக்க, மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி, அதாவது 2,288-ஆல் வகுக்க வேண்டும். இவருக்கு மணிக்கு 12 வெள்ளி. (கணக்கு சுலபமாக வரட்டும் என்றுதான் இந்தச் சம்பளத்தை எடுத்தேன்.) மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்பதால் மணிக்கு 18 வெள்ளி. அந்த மாதம் அவர் 20 மணி நேரம் கூடுதலாக வேலை செய்திருக்கிறார். அதற்கு 360 வெள்ளி.

அக்டோபர் 20 திங்கட்கிழமை தீபாவளி. அன்று உணவகம் மூடுமா? அவர் அடுப்படியில்தான் நின்றார். பொது விடுமுறைக்குரிய சம்பளம் மாதச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது. அன்று வேலை செய்ததற்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். நாள் விகிதத்துக்கு மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 6 நாள் என்பதால் வரும் 312-ஆல் வகுத்தால் 88 வெள்ளி.

செப்டம்பரில் ஊருக்கு அனுப்ப முன்பணம் வாங்கியிருந்தார். அதில் 200 வெள்ளி இந்த மாதம் கழிகிறது.

ஆகவே சீட்டில் வருபவை:

முதலாளியின் முழுப்பெயர், ஊழியரின் முழுப்பெயர்
சம்பளக் காலம்: 1.10.2025 முதல் 31.10.2025 வரை
பணம் கொடுத்த நாள்: 5.11.2025
அடிப்படைச் சம்பளம்: 2,288.00
மிகைநேரம் (1.10 முதல் 31.10 வரை, 20 மணி): 360.00
தீபாவளி நாள் வேலை: 88.00
பிடித்தம் (முன்பணத் தவணை): 200.00
கைக்கு வரும் தொகை: 2,536.00

இவ்வளவுதான். அரைப் பக்கம்கூட ஆகாது. மிகைநேரத்துக்குத் தனியாகத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் போட்டிருப்பதைக் கவனியுங்கள். பல கடைகளில் மிகைநேரத்தை 25-ஆம் தேதி வரை கணக்கெடுத்து, மிச்சத்தை அடுத்த மாதத்தில் சேர்ப்பார்கள். அது தவறில்லை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று சீட்டில் சொல்லாமல் விடுவதுதான் தவறு. மணிக்கணக்கில் அல்லது நாட்கணக்கில் சம்பளம் வாங்குபவர் என்றால், விகிதம் எவ்வளவு, மொத்தம் எத்தனை மணி அல்லது நாள் என்பதும் வேண்டும்.

கையால் எழுதிக் கொடுத்தால் செல்லுமா?

செல்லும். காகிதமானாலும் கைப்பேசிக்கு அனுப்பும் மென்பிரதியானாலும் சரிதான். கரிப்பிரதி வைக்கும் பற்றுச்சீட்டுப் புத்தகத்திலேயே பத்து ஆண்டுகளாகச் சம்பளச் சீட்டு எழுதும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். விலை உயர்ந்த மென்பொருள் வாங்கியவர்களைவிட அவருடைய கணக்கு சுத்தம்.

சீட்டைச் சம்பளத்தோடு சேர்த்தே கொடுங்கள். முடியாவிட்டால் மூன்று வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். சம்பளத்தைச் சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். மிகைநேரப் பணத்துக்கு மட்டும் 14 நாள் அவகாசம்.

வேலை நேரத்தைத் தினமும் எழுதத்தான் வேண்டுமா? எல்லோருக்கும் ஒரே நேரம்தானே?

எத்தனை பதிவேடு இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உணவக உரிமையாளர் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். விலகிப்போன பாத்திரம் கழுவும் ஊழியர் ஒருவர் மிகைநேரப் பணம் வரவில்லை என்று புகார் செய்திருந்தார். அந்த ஊழியர் கொண்டுவந்தது ஒரு தினசரி நாட்காட்டி. மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுப்பார்களே, அம்மன் படம் போட்டது, அதுதான். கிழிக்காமல் ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் இரண்டு எண் எழுதியிருந்தார்: வந்த நேரம், போன நேரம். சில தாள்களில் மஞ்சள் கறை. ஒரு தாளில் “எண்ணெய் சுட்டது” என்று இரண்டே சொல்.

உரிமையாளர் பக்கம் என்ன இருந்தது? சுவரில் ஒட்டிய அட்டவணை. காலை 10 முதல் 3, மாலை 6 முதல் 10. எல்லா நாளும் அதே எழுத்து, அதே மை. கூட்டமுள்ள சனிக்கிழமை இரவில் பத்து மணிக்குக் கடையைக் கழுவி மூடிவிட முடியாது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். உரிமையாளர் பொய் சொல்கிறவர் அல்லர். கூடுதல் நேரத்துக்கு அவ்வப்போது கையில் பணம் கொடுத்ததாகச் சொன்னார், நானும் நம்பினேன். நாட்காட்டித் தாள் ஒவ்வொன்றுக்கும் பதிலாகக் காட்ட அவரிடம் ஒரு தாள்கூட இல்லை. கொடுத்த பணத்தை இரண்டாம் முறை கொடுத்துத்தான் அந்த விவகாரம் தீர்ந்தது.

அட்டவணை என்பது நீங்கள் நினைத்தது. பதிவேடு என்பது நடந்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணாதீர்கள். ஊழியர் வரும்போதும் போகும்போதும் தானே எழுதிச் சுருக்கொப்பம் இடும் ஒரு நோட்டு போதும். உணவகத்தில் மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை விடும் இடைவேளையையும் எழுத வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலை 10 முதல் இரவு 10 வரை 12 மணி நேரம் வேலை என்று அந்த நோட்டே உங்களுக்கு எதிராகப் பேசும்.

மிகைநேரம் யாருக்கெல்லாம் உண்டு?

சட்டத்தின் நான்காம் பகுதிக்குள் வருபவர்களுக்கு. உடலுழைப்புத் தொழிலாளி என்றால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை. மற்ற ஊழியர் என்றால் 2,600 வெள்ளி வரை. மேலாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் இல்லை. கல்லாவில் உட்காருபவரின் அட்டையில் “மேலாளர்” என்று அச்சடித்துவிட்டால் தப்பிவிடலாம் என்று ஒருவர் கேட்டார். அட்டையில் உள்ள பட்டத்தைப் பார்க்க மாட்டார்கள். அவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

மிகைநேரத்துக்கு மாதம் 72 மணி நேரம் என்ற உச்சவரம்பு உண்டு. பதிவேட்டை மாத நடுவில் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மாதக் கடைசியில் கூட்டினால் வரம்பு தாண்டிய பிறகுதான் தெரியும்.

ஓய்வு நாளில் வேலை செய்தால் எப்படிக் கணக்கு எழுதுவது?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலாளி கூப்பிட்டு வந்தால், வழக்கமான நேரத்தில் பாதிக்கு மேல் வேலை செய்தவருக்கு இரண்டு நாள் சம்பளம். ஊழியர் தானாகக் கேட்டு வந்தால் ஒரு நாள் சம்பளம். பாதிக்குள் என்றால் முறையே ஒரு நாளும் அரை நாளும். ஆக, நேரத்தை எழுதினால் மட்டும் போதாது. யார் கேட்டது என்பதையும் அன்றே எழுத வேண்டும். “ஞாயிறு வரட்டுமா அண்ணே, பணம் தேவைப்படுகிறது” என்று ஊழியர் அனுப்பிய குறுஞ்செய்தி இருந்தால் அழித்துவிடாதீர்கள். நீங்கள் கூப்பிட்ட செய்தியையும் அழிக்காதீர்கள்.

உடைத்த தட்டுக்கும், கல்லாவில் குறைந்த காசுக்கும் பிடிக்கலாமா?

நினைத்தபோதெல்லாம் பிடிக்க முடியாது. அவருடைய தவறுதான் என்று விசாரித்து, அவர் தரப்பைக் கேட்ட பிறகே பிடிக்கலாம். அப்போதும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, ஒரே தடவைதான். விசாரித்தீர்கள் என்பதற்கு நாள், நேரம், அவர் சொன்னது என்று நாலு வரி எழுதியிருக்க வேண்டும்.

முன்பணத்தைத் தவணையாகக் கழிக்கலாம். ஒவ்வொரு தவணையும் அந்தக் காலச் சம்பளத்தில் கால் பங்குக்குள், மொத்தம் 12 மாதத்துக்குள் முடிய வேண்டும். முன்பணம் கொடுத்த அன்றே தொகையும் தவணையும் எழுதி இருவரும் ஒப்பமிட்டுக்கொள்ளுங்கள். வராத நாளுக்கான கழிவு, முன்பணம் போன்றவை நீங்கலாக மற்ற பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

வெளிநாட்டு ஊழியருக்காக நீங்கள் அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வையை ஊழியரிடமிருந்து பிடிக்கவே கூடாது. அதற்கு அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது.

மத்திய சேம நிதிக்கு என்ன பதிவு தேவை?

பிறந்த தேதியும் குடியுரிமை நிலையும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. 55 வயது வரை மொத்தம் 37 விழுக்காடு. அதில் ஊழியர் பங்கு 20, முதலாளி பங்கு 17. 1,850 வெள்ளி வாங்கும் விற்பனையாளருக்கு மொத்தம் 684.50 வரும், அதை 685 ஆக்கிக்கொள்ள வேண்டும். ஊழியர் பங்கு 370, மிச்சம் 315 உங்களுடையது. வயது 55-ஐத் தாண்டினால், பிறந்தநாளுக்கு அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து விகிதம் மாறும். பிறகு 60, 65, 70 என்று மறுபடியும் மாறும். நிரந்தரவாசியான முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விகிதம் வேறு. ஆகவே அந்த அந்தஸ்து கிடைத்த தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாதச் சம்பளத்தில் நிதி கணக்கிடப்படும் உச்சவரம்பு 2026 ஜனவரி 1 முதல் 8,000 வெள்ளி. சிறுகடைகளில் இந்த உச்சவரம்பைத் தொடுபவர் குறைவு.

மாதம் 50 வெள்ளிக்கு மேல் வாங்கினாலே முதலாளி பங்கு கட்ட வேண்டும். 500 வெள்ளி வரை ஊழியர் பங்கு இல்லை. வார இறுதியில் மட்டும் வரும் மாணவர்களுக்கு இந்தக் கணக்கு அடிக்கடி தேவைப்படும்.

அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். தவறினால் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி. ஊழியர் பங்கைப் பிடித்துவைத்துக்கொண்டு கட்டாமல் விடுவது மிகக் கடுமையான குற்றம், சிறைவரை போகும். கையில் பணம் இல்லாத மாதத்தில் வாடகையை வேண்டுமானால் கெஞ்சித் தள்ளிப்போடுங்கள். இதில் கைவைக்காதீர்கள்.

வெளிநாட்டவருக்குச் சேம நிதி இல்லை. திறன் மேம்பாட்டுத் தீர்வை மட்டும் எல்லோருக்கும் உண்டு. சம்பளத்தில் 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி, அதிகம் 11.25 வெள்ளி. மேலே சொன்ன சமையற்காரருக்குப் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம் 2,736 வெள்ளி, அதற்கு 6.84 வரும். இது முழுவதும் உங்கள் செலவு, அவருடைய சீட்டில் பிடித்தமாக வரக்கூடாது.

சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) எல்லா இந்திய ஊழியரிடமும் பிடிக்க வேண்டுமா?

சிங்கப்பூரர், நிரந்தரவாசி, எம்பிளாய்மென்ட் பாஸ் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான அனுமதி) வைத்திருப்பவர் ஆகியோரிடம் பிடிக்க வேண்டும். வேலை அனுமதி ஊழியரிடம் வேண்டாம். 1,000 வெள்ளி வரை வாங்குபவருக்கு மாதம் 1 வெள்ளி, 1,500 வரை 3, 2,500 வரை 5, 4,500 வரை 7 என்று ஏறி, 15,000-க்கு மேல் 30 வெள்ளி ஆகும். சேம நிதியோடு சேர்த்தே கட்டலாம்.

வேண்டாம் என்று நினைக்கும் ஊழியர் அதற்கான விலகல் படிவத்தைத் தானே நிரப்ப வேண்டும். “அவர் வேண்டாம் என்றார்” என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. படிவத்தின் பிரதி உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

அனுமதிக் கடிதத்தில் ஒரு சம்பளம், கையில் வேறு சம்பளம் என்று இருக்கலாமா?

கூடாது. இந்தக் கேள்வியை என்னிடம் மெதுவான குரலில்தான் கேட்பார்கள். பதிலை உரக்கச் சொல்வேன்.

வேலை அனுமதிக்கான கொள்கையளவு ஒப்புதல் கடிதத்தில் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் இருக்கும். ஊழியருக்குப் புரியும் மொழியிலும் அது வரும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர் விமானம் ஏறும் முன்பே தமிழில் படித்துவிட்டுத்தான் வருகிறார். அதற்கும் உங்கள் சம்பளச் சீட்டுக்கும் வேறுபாடு இருந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். குறைக்க வேண்டிய உண்மையான நிலை வந்தால், அவருடைய எழுத்துச் சம்மதத்தை முன்கூட்டியே பெற்று மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். அமைச்சிடம் அதிகச் சம்பளம் சொல்லிவிட்டுக் குறைவாகக் கொடுத்தால் பொய்த் தகவல் குற்றச்சாட்டு வரும். அபராதம் 20,000 வெள்ளி வரை, சிறை இரண்டு ஆண்டு வரை, அல்லது இரண்டும்.

வெற்றுச் சீட்டுகளில் பன்னிரண்டு மாதத்துக்கும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருந்த ஒருவரையும் எனக்குத் தெரியும். பன்னிரண்டு கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு. அவருக்குக் கணக்கு எழுத நான் ஒப்புக்கொள்ளவில்லை.

எத்தனை ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டும்?

வேலை நியமனச் சட்டப்படி, இப்போது வேலையில் இருப்பவருக்குக் கடைசி இரண்டு ஆண்டுப் பதிவுகள் வேண்டும். விலகியவருக்கும் கடைசி இரண்டு ஆண்டுப் பதிவுகளை, அவர் விலகிய பிறகு ஓராண்டு வைத்திருக்க வேண்டும்.

உள்நாட்டு வருவாய் ஆணையமோ வணிகக் கணக்குகளை ஐந்து ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. சம்பளம் உங்கள் செலவுக் கணக்கில் வருகிறது அல்லவா? ஆகவே சம்பளச் சீட்டுகளையும் ஐந்து ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றே எல்லோருக்கும் சொல்கிறேன். அதற்குப் பிறகு தூக்கிப் போடலாம், ஆனால் துண்டு துண்டாக்கிப் போட வேண்டும். அடையாள அட்டை எண்ணும் முகவரியும் உள்ள தாள்களில் பஜ்ஜி மடித்துக் கொடுத்தால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கேள்வி கேட்கும்.

வருமான வரிக்குக் கடை என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1-க்குள் ஊழியரின் முந்தைய ஆண்டு வருமான விவரமான ஐஆர்8ஏ தயாராக வேண்டும். ஐந்து ஊழியர் அல்லது அதற்கு மேல் இருந்தால் மின்வழியில் ஆணையத்துக்கே அனுப்புவது கட்டாயம். பன்னிரண்டு சம்பளச் சீட்டும் கையில் இருந்தால் ஓர் ஊழியருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இல்லாதவர்கள் பிப்ரவரி முழுவதும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஊழியர் விலகும்போது?

நீங்கள் வேலையை விட்டு நிறுத்தினால், கடைசி நாளிலேயே கணக்குத் தீர்க்க வேண்டும். முடியாவிட்டால் மூன்று வேலை நாளுக்குள். அவர் முறையாக முன்னறிவிப்புக் கொடுத்து விலகினால் கடைசி நாளில். முன்னறிவிப்பு இல்லாமல் போனால் 7 நாளுக்குள். கடைசிச் சம்பளச் சீட்டைப் பணத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். விடுப்புக் கணக்கில் மிச்சம் எத்தனை நாள் என்பதை இருவரும் பார்த்து ஒப்பமிட்டுக்கொள்வது நல்லது. விடைபெறும் நாளில் கைகுலுக்கிவிட்டுப் போனவர்கூட ஊருக்குப் போய் யோசித்துவிட்டுத் திரும்பக் கேட்பதுண்டு.

வெளிநாட்டவர் விலகினால் வரித் தீர்வுக்கான ஐஆர்21 படிவம் இருக்கிறது. சில விலக்குகள் உண்டு. அவை இல்லாதவருக்கு விலகும் நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அனுப்பி, அவருக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும்.

புகார் வந்தால் என்ன நடக்கும்?

முதலில் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியில் சமரசப் பேச்சு நடக்கும். அங்கே தீராவிட்டால் 2017-இல் தொடங்கிய வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், தொழிற்சங்கத்தின் வழியாக வந்தால் 30,000 வரை. விலகியவர் ஆறு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும்.

சம்பளச் சீட்டோ பதிவேடோ இல்லாததற்கே தனியாக ஒவ்வோர் ஊழியருக்கும் அல்லது ஒவ்வொரு மீறலுக்கும் 100 முதல் 200 வெள்ளி வரை தண்டம் விழலாம். தொகை சிறிதுதான். உண்மையான நட்டம் நாட்காட்டிக் கதையில் சொன்னதுதான்.

ஆறு மாதமாக எதையும் எழுதவில்லை. இப்போது உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி முடித்துவிடட்டுமா?

பழைய தேதி போட்டு வருகைப் பதிவேடு எழுதாதீர்கள். ஒரே இரவில் எழுதிய ஆறு மாதக் கையெழுத்து பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதன் பிறகு உங்கள் உண்மையான தாள்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வங்கிப் பரிமாற்றப் பட்டியலை எடுங்கள். கடைக் குழுவில் “நாளைக்கு யார் திறப்பது” என்று போட்ட செய்திகளைச் சேமியுங்கள். கல்லாவை மூடிய நேரம் விற்பனை இயந்திரத்தின் நாளிறுதிச் சீட்டில் இருக்கும். இவற்றைக் கொண்டு மாதத்துக்கு ஒரு தாளில் சம்பள விவரத்தைத் தொகுத்து, “இன்ன தேதியில், இன்ன ஆதாரங்களைப் பார்த்து எழுதியது” என்று இன்றைய தேதியைப் போடுங்கள். ஊழியரிடம் காட்டி, அவர் மறுப்பதை மறுப்பாகவே குறித்துக்கொள்ளுங்கள். கொடுக்காமல் விட்ட மிகைநேரம் தெரியவந்தால் இந்த மாதச் சம்பளத்தோடு கொடுத்து, எந்த மாதத்துக்கு உரியது என்று சீட்டில் தனி வரியாக எழுதிவிடுங்கள்.

வருகை நோட்டைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கே முதலாளி பார்க்கிறார் என்று ஊழியர் கூச்சப்படுவார். முன்கவசம் மாட்டும் ஆணிக்குக் கீழே, ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டு வையுங்கள். வரும்போதும் போகும்போதும் கை அங்கேதான் போகும்.